நாவற்கொட்டைக்கும் பாகற்காய்க்கும் உரிமையாளர் யார்?
சர்க்கரை நோய் மருந்தும் காணி மக்களின் அறிவும்

புதுதில்லி: சர்க்கரை நோய்க்கு நாவற்கொட்டைத் தூளும் பாகற்காய்ச் சாறும் நல்லவை என்ற பேச்சு கேளாத வீடு தமிழகத்திலும் கேரளத்திலும் இருக்க முடியாது. அதே நாவல், பாகல், சிறுகுறிஞ்சான், கத்தரி ஆகியவற்றில் ஏதேனும் இரண்டைச் சேர்த்துச் சர்க்கரை நோய்க்கு உண்ணும் கலவை தங்கள் கண்டுபிடிப்பு என்று கோரிய ஓர் அமெரிக்க நிறுவனத்திற்கு 1999ம் ஆண்டு மே மாதம் அந்நாட்டு அரசு காப்புரிமை வழங்கியது. நாடெங்கும் எழுந்த கண்டனம் தில்லி அதிகார வட்டாரத்தையும் அசைத்தது. பாரம்பரிய அறிவைக் காப்பதற்கென்று சட்டமும், ஆணையமும், மின்னணு நூலகமும் அடுத்த சில ஆண்டுகளில் உருவாயின.

கால் நூற்றாண்டு கழிந்த நிலையில் அந்தச் சட்டம் திருத்தப்பட்டுள்ளது. 2023ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய உயிரியல் பல்வகைமைத் திருத்தச் சட்டம் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்நிய நிறுவனங்களிடமிருந்து மூலிகை அறிவைக் காக்க இயற்றப்பட்ட சட்டத்தில் உள்நாட்டு மூலிகைத் தொழிலுக்குப் பல விலக்குகள் தரப்பட்டுள்ளன. இதனால் இழக்கப் போவது யார், பெறப் போவது யார் என்பதைத் தெரிந்துகொள்ள தில்லியின் கோப்புகளை மட்டும் பார்த்தால் போதாது. அகத்தியமலையின் அடிவாரத்தையும் பார்க்க வேண்டும்.

எல்லையோர மலைக் கிராமம்

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், பாறசாலை சட்டமன்றத் தொகுதியின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது அம்பூரி. 2001 நவம்பர் 9ம் தேதி இரவு நிகழ்ந்த நிலச்சரிவில் கிட்டத்தட்ட 40 உயிர்கள் பலியானபோதுதான் இவ்வூரின் பெயர் நாடு முழுவதும் அறியப்பட்டது. ஒருபுறம் நெய்யாறு நீர்த்தேக்கமும் வனவிலங்கு சரணாலயமும். மறுபுறம் தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டத்து எல்லை. பத்துகாணி, ஆறுகாணி ஆகிய தமிழக மலையோர ஊர்கள் அருகிலேயே உள்ளன.

ரப்பர் பயிரிடும் குடியேற்ற விவசாயிகள் ஊருக்குள் வாழ்கின்றனர். நீர்த்தேக்கத்துக்கு அக்கரையில் வனத்தை ஒட்டிக் காணிக்காரர் எனப்படும் பழங்குடியினரின் குடியிருப்புகள் இருக்கின்றன. 1956ல் மாநில எல்லைகள் பிரிக்கப்பட்டபோது காணி மக்களும் பிரிக்கப்பட்டனர். திருவனந்தபுரம், கொல்லம் மாவட்டங்களில் இருப்போர் கேரளத்தவராகவும், கன்னியாகுமரி, திருநெல்வேலி மலைகளில் இருப்போர் தமிழகத்தவராகவும் கணக்கிடப்படுகின்றனர். காடும் அதிலுள்ள மருந்தும் இரு பக்கத்திலும் ஒன்றுதான்.

நாவல், நெல்லி, கடுக்காய், தான்றி எனச் சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் நீரிழிவுக்குச் சொல்லும் பழவகைகள் பலவும் மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்கோடியில் விளைகின்றன. சித்த மருத்துவர்கள் கடலழிஞ்சில் என்றும், கேரள வைத்தியர்கள் பொன்கொரண்டி என்றும் குறிப்பிடும் கொடிவகையும் இம்மலைகளுக்கு உரியது. 2001ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அகத்தியமலைப் பகுதியை 2016ல் யுனெஸ்கோவும் தன் உலகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

இம்மலைகளின் மூலிகைகளுக்குச் சந்தை எவ்வளவு பெரியது என்பதை நோயின் கணக்கே சொல்லும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்தி, 2023 ஜூனில் வெளியிடப்பட்ட நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்கின்றனர். கோவா (26.4 சதவீதம்), புதுச்சேரி (26.3 சதவீதம்) ஆகியவற்றுக்கு அடுத்த இடத்தில் கேரளம் (25.5 சதவீதம்) இருக்கிறது. வயது வந்தோரில் நால்வருக்கு ஒருவர் என்ற விகிதம் இது.

பழத்துக்குள் இருப்பது என்ன?

மாவுச்சத்து குடலில் சர்க்கரையாக உடைபடுவதற்கு ஆல்பா குளுக்கோசிடேஸ் என்ற நொதி தேவை. இந்நொதியைத் தடுத்தால், உணவு உண்டபின் இரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக ஏறாது. மருந்துக் கடைகளில் விற்கப்படும் அகார்போஸ், வோக்ளிபோஸ் மாத்திரைகள் இந்த வேலையைத்தான் செய்கின்றன. கடுக்காயில் உள்ள செபுலாஜிக் அமிலமும், நாவற்கொட்டைச் சாறும் இதே நொதியைத் தடுப்பது ஆய்வுக்கூடங்களில் காணப்பட்டுள்ளது. கடலழிஞ்சில் இனத்திலிருந்து சலாசினால் என்ற சேர்மத்தை ஜப்பானின் கியோட்டோ மருந்தியல் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 1997ல் பிரித்தெடுத்தனர். அதுவும் இவ்வகையைச் சேர்ந்ததே.

பாகற்காயில் இருப்பவை வேறுவகை. சராண்டின் என்ற கலவையும், இன்சுலினை ஒத்த ஒரு புரதக்கூறும் அதில் உள்ளன. தசைகள் சர்க்கரையை உள்வாங்குவதை இதன் கசப்புச் சேர்மங்கள் தூண்டுவதாக 2008ல் ஆஸ்திரேலிய, சீன விஞ்ஞானிகள் கண்டறிந்தனர்.

தாவரச் சேர்மம் சர்க்கரை நோய்க்கு மருந்தாவது அலோபதிக்கும் புதிதல்ல. உலகில் மிக அதிகமாகப் பயன்படும் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினின் வேர் ஐரோப்பாவில் கால்நடைத் தீவனமாக வளர்ந்த கலீகா என்ற செடியில் இருக்கிறது. அச்செடியின் சேர்மத்தைப் பின்பற்றி உருவாக்கப்பட்ட மெட்ஃபார்மினை 1957ல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குத் தந்து பயன் கண்டார். ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835ல் எடுக்கப்பட்ட ஃப்ளோரைசினே, சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் இன்றைய கிளிஃப்ளோசின் மாத்திரைகளுக்கு முன்னோடி.

இந்தியாவில் ஒரு மாத்திரை சுமார் 60 ரூபாய்க்கு விற்ற எம்பாகிளிஃப்ளோசின், 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்ததும் சில நிறுவனங்களால் 10 ரூபாய்க்கும் குறைவாக விற்பனைக்கு வந்தது. காப்புரிமை என்பது நோயாளியின் மாதச் செலவில் எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

சான்று சொல்வது

மூலிகை என்றாலே பயன் உறுதி என்று கொள்வதற்கில்லை. பாகற்காய் குறித்து 479 பேரிடம் நடத்தப்பட்ட 4 ஆய்வுகளை ஒருங்கே பரிசீலித்த காக்ரேன் தொகுப்பு, சர்க்கரை நோய்க்கு அதைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று 2012ல் முடிவு கூறியது. தாய்லாந்தில் நடந்து 2011ல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் பாகல் தூள் ஓரளவு பயன் தந்தது. ஆனால் அப்பயன் 1,000 மில்லிகிராம் மெட்ஃபார்மின் தந்ததைவிடக் குறைவு. பிரேசிலில் மக்கள் பெருமளவு அருந்தும் நாவல் இலைத் தேநீர் முறையான சோதனையில் சர்க்கரையைக் குறைக்கவில்லை. விதையைப் பற்றிய அறிவை இலைக்கு மாற்றிக்கொண்டால் பலன் தானாக வராது என்பதை இது காட்டுகிறது.

மறுபுறம், பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் கோவை இலை, காய் ஆகியவற்றின் சாரத்தை நோயின் தொடக்க நிலையில் இருந்த 60 பேரிடம் 90 நாள் சோதித்து 2008ல் முடிவை வெளியிட்டனர். அதில் சாரம் உட்கொண்டோருக்குச் சர்க்கரை அளவு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. சமையலறைக் காய் ஒன்றை மருந்துக்குரிய அளவுகோலில் வைத்து நிறுக்க முடியும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. ஆனால் 60 பேரிடம் கண்டதை ஆயிரக்கணக்கானோரிடம் உறுதி செய்யும் அளவுக்கு இத்தகைய ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்கப்படுவதில்லை. காப்புரிமை கிட்டாத கோவைக்காய்க்குப் பெரிய மருந்து நிறுவனங்கள் செலவிட மாட்டா. அந்த இடத்தை அரசே நிரப்ப வேண்டும்.

மத்திய ஆயுர்வேத ஆராய்ச்சிக் கவுன்சில் உருவாக்கிய ஆயுஷ் 82 என்ற மருந்தில் பாகல், நாவல், மா ஆகியவற்றின் விதைகளும், சிறுகுறிஞ்சானும், சிலாசத்தும் உள்ளன. மக்கள் வரிப்பணத்தில் உருவான இம்மருந்து தனியார் நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கப்பட்டுச் சந்தையில் விற்கப்படுகிறது.

விளம்பரங்களின் ஆரவாரமோ வேறு. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவச் சட்டப்படி குற்றம். 70 ஆண்டுப் பழைய இச்சட்டம் பெரும்பாலும் ஏட்டில்தான் இருந்தது. தவறான விளம்பரங்கள் தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றத்தின் கண்டிப்புக்குப் பின்னரே பதஞ்சலி நிறுவனம் 2024 ஏப்ரலில் நாளிதழ்களில் பகிரங்க மன்னிப்பு வெளியிட்டது.

ஆபத்து விளம்பரத்தால் மட்டும் வருவதல்ல. கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பிப் புளிப்பு மிக்க இலும்பன்புளிச் சாற்றைக் குடித்த 10 பேர் சிறுநீரகம் செயலிழந்து கேரளத்தின் 5 மருத்துவமனைகளில் அனுமதிக்கப்பட்டதை அம்மாநில மருத்துவர்கள் 2013ல் பதிவு செய்தனர். அவர்களில் 7 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. வீட்டுக் கொல்லையில் காய்க்கிறது என்பதாலேயே எதுவும் தீங்கற்றதாகி விடாது. மாத்திரையுடன் பாகல் சாற்றையும் சேர்த்து அருந்துவோருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து போகும் அபாயமும் உண்டு. இன்சுலினை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறுவது உயிருக்கே உலை வைக்கும்.

1999: காப்புரிமையும் கண்டனமும்

நியூஜெர்சியைச் சேர்ந்த குரோமாக் நிறுவனம் 1999ல் பெற்ற காப்புரிமைக்கு உரியோராகக் குறிக்கப்பட்ட மூவரில் இருவர் அமெரிக்கவாழ் இந்தியர்கள். இந்தியக் கிராமங்களில் அனைவரும் அறிந்த ஒன்று அமெரிக்காவில் எப்படிப் 'புதிய கண்டுபிடிப்பு' ஆனது? விடை அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் இருந்தது. பிற நாட்டில் ஒரு பொருள் பயன்பாட்டில் இருந்தது என்பது மட்டும் அச்சட்டத்தின்படி தடையாகாது. அச்சில் வெளிவந்திருக்க வேண்டும். பாட்டி சொன்ன வைத்தியத்தை அச்சட்டம் அறிவாகவே ஏற்கவில்லை. இந்த விதியை அமெரிக்கா மாற்றியது 2013ல்தான்.

மஞ்சளின் புண் ஆற்றும் குணத்திற்கு மிசிசிப்பி பல்கலைக்கழகம் 1995ல் பெற்ற காப்புரிமையை, அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களையும் ஆய்வேடுகளையும் ஆதாரமாகக் காட்டி 1997ல் ரத்து செய்ய வைத்தது. வேம்புக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் தந்த உரிமை 2000ல் ரத்தாகி, மேல்முறையீட்டிலும் 2005ல் தோற்றது. ஆனால் ஒவ்வொரு மூலிகைக்கும் வெளிநாட்டில் வழக்காடிக் கொண்டிருக்க முடியாது என்பது விரைவிலேயே புரிந்தது. கடலழிஞ்சில் இனச் சேர்மம் ஒன்றிற்கு ஜப்பானிய நிறுவனம் ஒன்று 2002ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது.

எனவே 2001ல் தொடங்கப்பட்ட பாரம்பரிய அறிவு மின்னணு நூலகம், ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்களில் உள்ள மருந்து முறைகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் தரத் தொடங்கியது. 4 லட்சத்துக்கும் அதிகமான மருந்து முறைகள் அதில் ஏற்றப்பட்டுள்ளன. தமிழ்ச் சித்த நூல்களும் இதில் அடக்கம். ஐரோப்பிய, அமெரிக்கக் காப்புரிமை அலுவலகங்கள் 2009 முதல் இதைப் பார்வையிட்டு வருகின்றன. நாவலுக்கும் பாகலுக்கும் மீண்டும் ஒரு குரோமாக் முளைப்பது இதனால் கடினமாகியுள்ளது.

நூலில் இருப்பது காக்கப்பட்டது. நூலில் ஏறாதது என்ன ஆயிற்று என்பதே எஞ்சிய கேள்வி. காணி மக்களின் அறிவு அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

ஆரோக்கியப்பச்சை தந்த பாடம்

1987 டிசம்பரில் முனைவர் புஷ்பாங்கதன் தலைமையிலான ஆய்வுக்குழு அகத்தியமலைக் காட்டில் ஏறியது. குழுவினர் களைத்துச் சோர்ந்த போதும் வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் சோர்வின்றி நடந்தனர். அவ்வப்போது அவர்கள் ஒரு சிறு காயை மென்றுகொண்டிருந்தனர். வெளியாருக்குச் சொல்லக்கூடாத இரகசியம் அது. பலமுறை கேட்ட பின்னரே செடியைக் காட்டினர். பின்னர் ஆரோக்கியப்பச்சை எனப் பெயர் பெற்ற செடி இதுதான்.

பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் அதன் இலையுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகியவற்றைச் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995ல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய் உரிமத் தொகைக்கும் விற்பனையில் 2 சதவீதப் பங்குக்கும் 7 ஆண்டு உரிமம் தரப்பட்டது. அதில் சரிபாதி காணி மக்களுக்கு என்று நிலையம் முடிவு செய்தது. 1997ல் காணி மக்களுக்கான நல அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. 1999ல் சுமார் 5 லட்சத்து 19 ஆயிரம் ரூபாய் அதன் கணக்கில் சேர்ந்தது. இதற்கான சட்டம் எதுவும் நாட்டில் இல்லாத காலத்தில் நடந்த இந்த ஏற்பாடு உலக அரங்குகளில் முன்மாதிரியாகப் பேசப்பட்டது.

முன்மாதிரி நெடுநாள் நிலைக்கவில்லை. காணி மக்கள் தாங்கள் வளர்த்த செடியின் இலையைப் பறித்து விற்பதற்கு வனத்துறை ஆட்சேபம் தெரிவித்தது. காட்டு நிழலில் வளர்ந்தால்தான் செடிக்கு மருந்துக் குணம் என்று விஞ்ஞானிகள் கூற, காட்டில் பறிக்கக் கூடாது என்று வனத்துறை கூறியது. மருந்து தேவைப்பட்ட அளவுக்கு இலை கிடைக்கவில்லை. 'ஜீவனி' என்ற பெயரையே அமெரிக்க நிறுவனம் ஒன்று அங்கு வணிகச் சின்னமாகப் பதிவு செய்து கொண்டது. உரிமம் முடிந்த பின் வருவாயும் வற்றியது. சிறுவனப் பொருள்கள் மீது பழங்குடியினருக்குச் சொத்துரிமை தரும் வன உரிமைச் சட்டம் 2006ல்தான் வந்தது. அதற்குள் ஆரோக்கியப்பச்சையின் வாய்ப்பு கைநழுவியிருந்தது.

திருத்தச் சட்டம் செய்தது

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய பல்லுயிர் ஆணையம், 2002ம் ஆண்டுச் சட்டத்தின்படி 2003ல் அமைக்கப்பட்டது. மூலிகையை வணிகத்துக்கு எடுப்போர் அதைக் காத்துவந்த மக்களுக்குப் பலனில் பங்கு தர வேண்டும் என்பதே இச்சட்டத்தின் உயிர்நாடி. இந்திய நிறுவனமாகிய தனக்கு இது பொருந்தாது என்று வாதிட்ட திவ்ய பார்மசியின் மனுவை உத்தரகண்ட் உயர்நீதிமன்றம் 2018 டிசம்பரில் நிராகரித்தது. உள்நாட்டு நிறுவனமும் பங்கு தர வேண்டும் என்ற தெளிவான தீர்ப்பு அது.

ஐந்தே ஆண்டுகளில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. நூல்களில் தொகுக்கப்பட்ட பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துவோருக்கும், பயிரிடப்பட்ட மூலிகைகளுக்கும், பதிவு பெற்ற ஆயுஷ் மருத்துவர்களுக்கும் விலக்கு தரப்பட்டது. குற்றத்துக்கான சிறைத் தண்டனை நீக்கப்பட்டு அபராதம் மட்டும் வைக்கப்பட்டது. ஆயுஷ் துறையின் சுமையைக் குறைத்து மூலிகை வேளாண்மையை வளர்க்கவே இது என்று மத்திய அரசு கூறுகிறது. பெரிய மூலிகை நிறுவனங்களுக்கே இலாபம் என்று சூழலியல் அமைப்புகள் எதிர்க்கின்றன.

அரசின் வாதத்தில் நியாயமே இல்லை என்று கூற முடியாது. சிறிய வைத்தியரையும் கோடிக்கணக்கில் விற்கும் நிறுவனத்தையும் ஒரே விதியால் கட்டுவது சரியல்ல. ஆனால் தரப்பட்ட விலக்கு அளவைப் பார்த்துத் தரப்படவில்லை. நூலில் உள்ளதா என்பதைப் பார்த்தே தரப்பட்டுள்ளது. நாவலும் நெல்லியும் கடுக்காயும் எல்லா நூல்களிலும் உள்ளன. அவற்றைக் காட்டிலிருந்து சேகரிக்கும் பழங்குடி மக்களின் பங்குக் கோரிக்கை இதனால் பலவீனமாகிறது. நூலில் இல்லாத காணி அறிவுக்குச் சட்டப் பாதுகாப்பு நீடிக்கிறது என்றாலும், அது இன்னாருடைய அறிவு என்று நிறுவப் பதிவு வேண்டும்.

அந்தப் பதிவுக்குச் சட்டத்திலேயே வழியுண்டு. ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். இதை 2020 ஜனவரி 31க்குள் முடிக்க வேண்டும், தவறினால் மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் எச்சரித்த பிறகு நாடெங்கும் பதிவேடுகள் அவசர அவசரமாக எழுதப்பட்டன. கெடுவுக்காக எழுதப்படும் ஏட்டில் செடிகளின் பட்டியல் இருக்கலாம். எந்தக் காயை எந்த நோய்க்கு எப்படித் தருவது என்ற அறிவை, கேட்டவுடன் அதிகாரியிடம் எவரும் ஒப்புவித்துவிட மாட்டார்கள். ஒப்புவித்தாலும், பகிரங்க ஏட்டில் ஏறிய அறிவை யாரும் எடுத்துக்கொள்ளும் நிலை வரக்கூடும். எழுதாவிட்டால் உரிமை இல்லை, எழுதினால் இரகசியம் இல்லை என்ற இக்கட்டில் காணி மக்கள் நிறுத்தப்பட்டுள்ளனர்.

செய்ய வேண்டியவை

உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பில் 2024 மே 24ம் தேதி ஏற்கப்பட்ட உடன்படிக்கை, காப்புரிமை கோருவோர் மூலிகை எந்த நாட்டினுடையது, அறிவு எந்தச் சமுதாயத்தினுடையது என்பதை வெளியிட வேண்டும் என்கிறது. 15 நாடுகள் ஏற்புறுதி அளித்தால் அது நடைமுறைக்கு வரும். இவ்வுடன்படிக்கைக்காக கால் நூற்றாண்டு வாதாடிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. வெளிநாட்டு நிறுவனங்களிடம் எதிர்பார்க்கும் நேர்மையை உள்நாட்டு நிறுவனங்களிடமும் எதிர்பார்ப்பதே முறை.

பல்லுயிர்ப் பதிவேட்டில் பழங்குடி அறிவைத் தனிப் பகுதியாக வைத்து, அம்மக்களின் கிராம சபை ஒப்புதலின்றி எவரும் பார்க்க இயலாதவாறு விதி செய்ய முடியும். விற்பனை அளவின் அடிப்படையில் பெரிய நிறுவனங்களை மட்டும் மீண்டும் பங்கு தரும் கடமைக்குள் கொண்டுவர முடியும். நாவற்கொட்டைக்கும் கோவைக்காய்க்கும் கடலழிஞ்சிலுக்கும் பெரிய அளவில் மருத்துவச் சோதனை நடத்த அரசு பணம் ஒதுக்கலாம். பயன் தருவதை அரசு மருத்துவமனையில் இலவசமாக வழங்கலாம், தராததைத் தராது என்று அறிவிக்கலாம். மாநில எல்லையால் பிரிந்த காணி மக்களுக்கு ஒரே அறக்கட்டளை என்ற யோசனையைத் தமிழக, கேரள அரசுகள் பேசலாம்.

இவை எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. கேரளத்தில் நால்வரில் ஒருவருக்கு உள்ள நோய்க்கு மருந்து தேடி மலையேறும் நிறுவனங்கள் நாளையும் வரும். அப்போது அம்பூரியின் அக்கரைக் குடியிருப்புகளில் உள்ளோரை வழிகாட்டும் கூலிகளாக நடத்துவதா, உரிமையாளர்களாக நடத்துவதா என்பதைத் திருத்தச் சட்டத்தின் விதிகளை வகுக்கும் தில்லி தீர்மானிக்க வேண்டும்.